எண்களால் துடித்த இதயம்
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



ஊர்விட்டு ஊர் வந்து ஓயாது உழைப்பவர்கள் நாம். நம்மினும் ஓயாது உழைப்பது நம் இதயம். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை அது துடிக்கிறது. அத்துடிப்பை எழுப்புவது மின்சாரம். மருத்துவமனையில் எடுக்கும் ஈ.சி.ஜி. படம் அம்மின்சாரத்தின் வரைகோடே ஆகும்.

அது எங்ஙனம் பிறக்கிறது? சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றின் மின்னேறிய அணுக்கள், இதய உயிரணுவின் சவ்விலுள்ள நுண்ணிய வாயில்கள் வழியே உள்ளும் புறமும் செல்வதால் பிறக்கிறது. 1952-இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் ஆங்கில அறிஞர் இருவர், கணவாயின் நரம்பில் இவ்வாயில்கள் திறந்து மூடும் முறையைச் சமன்பாடுகளாக வகுத்தனர். 1963-இல் நோபெல் பரிசும் பெற்றனர்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் டெனிஸ் நோபிள் என்னும் இளைஞர் அச்சமன்பாடுகளை இதயத்திற்கேற்பத் திருத்தினார். ‘மெர்க்குரி’ என்னும் கணிப்பொறி அவருக்குக் கிடைத்ததோ பின்னிரவு 2 மணி முதல் 4 மணி வரைதான்! 1960-இல் அவர்தம் ஆய்வு வெளியாயிற்று. ‘துடி’ என்று எவரும் அப்பொறிக்குக் கட்டளையிடவில்லை. வாயில்களின் விதிகளை மட்டுமே கொடுத்தார். தாளம் தானே எழுந்தது.

இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். ஒவ்வாமைக்காக மக்கள் உண்டுவந்த டெர்ஃபெனடின் என்னும் மருந்து, வேறு சில மருந்துகளோடு சேர்ந்தபோது உடலில் மிகுந்து, பொட்டாசிய வாயிலை அடைத்தது. அதனால் இதயத்தின் தாளம் குலைந்து சிலர் உயிரிழந்தனர். 1998-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது விலக்கப்பட்டது.

இத்தகைய தீங்கை மனிதர் உண்ணுமுன்னரே அறிய இயலுமா? ஓரளவு இயலும். 2017-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 62 மருந்துப் பொருள்களைக் கணிப்பொறியில் அமைத்த மனித இதய உயிரணுக்களிற் செலுத்திப் பார்த்து, தாளம் கெடுமா கெடாதா என்பதை 100-க்கு 89 என்ற அளவிற் சரியாக உரைத்தனர்.

எஞ்சிய 11-ஐ நாம் மறத்தல் ஆகாது. பொறி அறிவது நாம் அதற்கு அறிவித்த அளவே. ஆதலின், நாம் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் மறையாது கூறுவோம். அடுத்த வீட்டார் அன்போடு தரும் மாத்திரையை அவரைக் கேளாது உண்ணோம். நம் பிள்ளைகளுக்குக் கணக்கைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் காட்டாது, உயிர்காக்கும் கல்வியாகவும் காட்டுவோம்.