லியர் மன்னனின் பெயரில்லாத வேலைக்காரன்

(ஒரு வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஷேக்ஸ்பியரின் அரசர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு வேலைக்காரனைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதற்கு முன்னால் ஒரு சொல். சினிமா பார்க்கிற எல்லோருக்கும் 'வில்லன்' தெரியும். அந்த ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் கெட்டவன் அல்ல. இடைக்கால இங்கிலாந்தில் 'வில்லெய்ன்' என்றால் பண்ணை நிலத்தோடு பிணைக்கப்பட்ட குடியானவன். எஜமானின் அனுமதி இல்லாமல் ஊரைவிட்டுப் போக முடியாது. மகளுக்குக் கல்யாணம் செய்துவைக்க எஜமானுக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பண்ணையாளின் பெயர்தான் கொடியவனின் பெயராக மாறியது. மறுபக்கம், உயர்குடிப் பிறப்பைக் குறித்த 'நோபிள்', 'ஜென்டில்' இரண்டும் நற்குணத்தின் பெயர்களாகிவிட்டன. பிறப்பைச் சொன்ன சொல் எப்படிக் குணத்தைச் சொல்லும் சொல்லாகிறது என்று இந்த அரங்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

துரோகம் என்ற சொல்லுக்கும் இதே கதைதான். இங்கிலாந்தில் 1351ஆம் ஆண்டுத் தேசத்துரோகச் சட்டம் அரசனுக்கு எதிரான குற்றங்களோடு நிற்கவில்லை. வேலைக்காரன் எஜமானைக் கொன்றாலும், மனைவி கணவனைக் கொன்றாலும் அது வெறும் கொலை அல்ல, 'சிறு துரோகம்'. எஜமான் வேலைக்காரனைக் கொன்றால்? அது கொலை, அவ்வளவுதான். வீட்டுக்குள் எஜமான் ஒரு குட்டி அரசன் என்பதை அந்தச் சட்டம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. 1828 வரை அது ஏட்டில் இருந்தது.

அரச நாடகங்களில் நாம் பார்க்கும் துரோகங்கள் பெரும்பாலும் ஆளும் குடும்பங்களின் பங்காளிச் சண்டை. அதிலும் யார் துரோகி என்பதை அப்போது அரியணையில் இருப்பவர்தான் முடிவு செய்கிறார். 'மெக்பெத்' நல்ல சான்று. ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில், டங்கனைக் கொல்லும் சதியில் பாங்கோவும் கூட்டாளி. நாடகத்தில் பாங்கோவின் கை சுத்தமாக இருக்கிறது. காரணம் எளிது. 1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய ஜேம்ஸின் ஸ்டூவர்ட் குடும்பம் தன்னைப் பாங்கோவின் வழித்தோன்றல் என்று சொல்லிக்கொண்டது. ஷேக்ஸ்பியரின் குழுவோ அந்த ஆண்டிலிருந்து 'அரசரின் ஆட்கள்'. சம்பளம் தருபவரின் பாட்டனைக் கொலைகாரனாகக் காட்ட முடியுமா?

ஆனாலும் அரங்கம் ஆபத்தான இடமாகத்தான் இருந்தது. 'இரண்டாம் ரிச்சர்டு' நாடகத்தில் அரசன் முடி துறக்கும் காட்சி, எலிசபெத் உயிரோடு இருந்தவரை வந்த எந்த அச்சுப் பதிப்பிலும் இல்லை. 1608 பதிப்பில்தான் முதலில் வருகிறது. 1601 பிப்ரவரி 7 அன்று எஸெக்ஸ் பிரபுவின் ஆட்கள் வழக்கமான வருமானத்துக்கு மேல் 40 ஷில்லிங் கொடுத்து இந்த நாடகத்தை குளோப் அரங்கில் போடவைத்தார்கள். மறுநாள் எஸெக்ஸ் கலகம் செய்தார், தோற்றார். நடிகர்கள் தப்பித்துவிட்டார்கள். எஸெக்ஸின் தலை வெட்டப்படுவதற்கு முந்தைய நாள் மாலை அவர்கள் அரண்மனையில் ராணிக்கு முன்னால் நாடகம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த நடிகர்கள் யார்? 1572ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு பிரபுவின் ஆதரவு இல்லாத நடிகன் நாடோடிப் போக்கிரி, சாட்டையடிக்கு உரியவன். யார் எந்தத் துணி உடுத்தலாம் என்பதற்கும் அரசாணைகள் இருந்தன. பட்டும் வெல்வெட்டும் தங்க இழையும் தகுதிக்கு ஏற்ப அளந்து கொடுக்கப்பட்டன. 1599இல் லண்டன் வந்த தாமஸ் பிளாட்டர் என்ற சுவிஸ் பயணி ஒரு சுவையான செய்தி எழுதியிருக்கிறார். பிரபுக்கள் இறக்கும்போது நல்ல உடைகளைத் தங்கள் வேலைக்காரர்களுக்கு விட்டுச்செல்வார்களாம். வேலைக்காரர்கள் அவற்றை உடுத்துவது முறையல்ல என்பதால் நடிகர்களுக்கு மலிவாக விற்றுவிடுவார்களாம். வேலைக்காரனுக்கு அந்தத் துணி சொத்துதான், ஆனால் உடை அல்ல. அதைப் போட்டுக்கொண்டு நாடோடி என்று பெயர்பெற்றவன் மேடையில் அரசனாக நிற்கிறான், ஒரு பென்னி கொடுத்துவிட்டு முற்றத்தில் நிற்பவன் அதைப் பார்க்கிறான். அரசன் என்பதில் எவ்வளவு துணி, எவ்வளவு பிறப்பு என்ற கேள்வி அவன் மனதில் எழுந்திருக்காதா?

இப்போது 'கிங் லியர்'. 1606 டிசம்பர் 26 அன்று ஜேம்ஸ் அரசரின் முன்னால் நடிக்கப்பட்ட நாடகம். மூன்றாம் அங்கம், ஏழாவது காட்சி. விரட்டப்பட்ட கிழ அரசனுக்கு உதவிய குற்றத்துக்காக க்ளாஸ்டர் பிரபுவை அவருடைய சொந்த வீட்டிலேயே நாற்காலியில் கட்டிவைத்து, கான்வால் கோமகன் அவர் கண்ணைப் பிடுங்குகிறான். கோமகனின் மனைவி ரீகன், லியரின் மகள், மற்றதையும் எடு என்கிறாள்.

அப்போது ஒரு வேலைக்காரன் வாய் திறக்கிறான். பெயர் கிடையாது. வெறும் 'வேலைக்காரன்' என்றுதான் அச்சில் இருக்கிறது. சிறுவயதிலிருந்து உங்களிடம் வேலை பார்க்கிறேன், இப்போது உங்களை நிறுத்தச் சொல்வதைவிடப் பெரிய சேவை எதையும் நான் செய்ததில்லை என்கிறான். சேவை என்ற சொல்லைக் கைவிடாமல் அதன் பொருளைத் தலைகீழாகப் புரட்டுகிறான். எனக்கு இந்த நாடகத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான், லியரின் புயல் காட்சியைவிட. கான்வால் முதலில் நம்பவே இல்லை. 'என் வில்லெய்னா?' என்று கேட்கிறான். கொடியவன், பண்ணையடிமை, இரண்டு பொருளும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. வாள்கள் மோதுகின்றன. ரீகனின் அதிர்ச்சி கணவனுக்கு ரத்தம் வருவதைப் பற்றியது அல்ல. ஒரு குடியானவன் இப்படி எழுந்து நிற்பதா என்பதுதான். இன்னொருவனிடம் வாளை வாங்கி முதுகில் குத்துகிறாள்.

அவன் சாகிறான். க்ளாஸ்டரின் இரண்டாவது கண்ணும் போகிறது. இதை மறைத்துவிட்டுக் கொண்டாட எனக்கு மனமில்லை. உடலைச் சாணிக்குப்பையில் எறியச் சொல்கிறான் கான்வால். ஆனால் அந்தக் காயத்தில் அவனும் செத்துப்போகிறான். ரீகன் விதவையாகிறாள், எட்மண்டுக்காக அக்காளோடு மோதுகிறாள், இருவரும் அழிகிறார்கள். அந்த ஆட்சி சரியத் தொடங்கியது அரசன் வாளால் அல்ல, பிரபுக்களின் சதியால் அல்ல. அடுத்த அங்கத்தில் செய்தி கேட்ட ஆல்பனி கோமகன் என்ன சொல்கிறார் தெரியுமா? மேலே நீதிதேவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு இது சான்றாம். செய்தவன் குப்பையில், பெருமை வானத்தில்.

நம் வாசிப்பில் பலருக்கு ஈர்ப்பு எட்மண்ட்மேல்தான். க்ளாஸ்டரின் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன். என்னை ஏன் இழிபிறப்பு என்கிறீர்கள், என் உடலும் அறிவும் யாருக்குக் குறைவு என்று அவன் கேட்பது கைதட்ட வைக்கும். கேள்வி சரியானதுதான். ஆனால் அவன் கேட்பது அண்ணனின் நிலத்தை. மதிலை இடிக்க அல்ல, உள்ளே ஓர் இடம் பிடிக்க. கடைசியில் முகம் மறைத்து வந்தவனின் வாளால் விழுந்து கிடக்கும்போதும், நீ உயர்குடிப் பிறப்பு என்றால் உன்னை மன்னிக்கிறேன் என்கிறான்! பிறப்பைப் பற்றி ஒரு தத்துவமும் பேசாத வேலைக்காரனை இவன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஷேக்ஸ்பியர் நம் தோழரா என்றால், இல்லை. 1596இல் அவர் குடும்பம் குலச்சின்னம் வாங்கி 'ஜென்டில்மேன்' ஆனது. 1598 பிப்ரவரியில், தானியப் பஞ்ச காலத்தில், ஸ்ட்ராட்ஃபோர்டில் பதுக்கலைக் கணக்கெடுத்தபோது அவர் பெயரில் 10 குவார்ட்டர் மால்ட் தானியம் இருந்தது. 'ஆறாம் ஹென்றி'யில் கலகத் தலைவன் ஜேக் கேடைக் கோமாளியாக்கியவரும் அவர்தான். அவரைத் தூக்கியெறியலாம் என்று சொல்லும் தோழர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் எறிந்தால் அந்த வேலைக்காரனும் சேர்ந்து போவான், அதுதான் என் சிக்கல்.

அவனை ஏற்கெனவே எறியப் பார்த்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1608இல் வந்த முதல் பதிப்பில், கொலைக்குப் பிறகு மேடையில் இன்னும் இரண்டு வேலைக்காரர்கள் பேசுகிறார்கள். இவனெல்லாம் நன்றாக வாழ்ந்தால் நாம் எந்தப் பாவத்துக்கு அஞ்ச வேண்டும் என்கிறான் ஒருவன். குருட்டுக் கிழவரை வழிநடத்த ஒரு பிச்சைக்காரனைப் பிடிப்போம் என்கிறான் மற்றவன். ரத்தம் வழியும் முகத்துக்குச் சணல் நாரும் முட்டையின் வெள்ளைக்கருவும் கொண்டுவருவதாகப் பேச்சு. 1623ஆம் ஆண்டுத் தொகுப்பில் இந்த வரிகள் இல்லை. 1962இல் பீட்டர் புரூக் இயக்கிய புகழ்பெற்ற தயாரிப்பிலும் இவற்றை வெட்டினார்கள். மேடையைச் சுத்தம் செய்யும் வேலைக்காரர்கள் கண்ணிழந்த கிழவரை இடித்துக்கொண்டு போக, அரங்கின் விளக்குகள் எரிந்தன, இடைவேளை. பார்ப்பவர்களுக்கு ஆறுதல் கிடைத்துவிடக் கூடாது என்பது நோக்கம். வலிமையான காட்சிதான். ஆனால் உலகம் ஈரமற்றது என்று காட்ட அவருக்கு வேலைக்காரர்களின் ஈரத்தைத்தான் முதலில் எடுக்க வேண்டியிருந்தது.

1608 பதிப்பில் ஒருவன் முட்டை தேடிப் போகிறான். கேள்விகளுக்கு வருவோம்.