கடல் நடுவே ஒரு கணக்கு



நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் ஆண்டுதோறும் தவறாமல் செய்து காட்டிய சோதனை ஒன்று உண்டு. தெளிந்த சுண்ணாம்பு நீரை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்துக்கொண்டு, வகுப்பிலேயே குறும்பு மிகுந்த பையனை அழைத்து, அதனுள் ஊதச் சொல்வேன். சிறிது நேரத்தில் நீர் பால்போல் வெளுக்கும். "ஐயா, என் மூச்சிலா இத்தனை கரியமில வாயு!" என்று அவன் வியப்பான். கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை எண்ணிக் கணக்கிடலாம் என்பதை மாணவர் உணர்வதற்கு அச்சோதனையினும் எளிய வழி எனக்குத் தெரியவில்லை. இன்று நான் பேசப் போவதும் அவ்வாயுவைப் பற்றிய கணக்கே. இடம் மட்டும் வேறு. நார்வே நாட்டை அடுத்த வட கடல்.

வட கடலின் அடியில் எண்ணெயும் இயற்கை வாயுவும் கிடைக்கின்றன. நார்வே கடற்பகுதியில் 1969-இல் எக்கோஃபிஸ்க் என்னுமிடத்தில் பெரும் எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது; 1971-இல் எடுக்கத் தொடங்கினர். கடல் நடுவே எழுப்பிய இரும்பு மேடை ஒன்று சிறிய ஊரைப் போன்றது. அங்கே மனிதர் உண்டு உறங்க வேண்டும். எண்ணெயை இறைக்க வேண்டும். வாயுவை அழுத்திக் குழாயில் செலுத்த வேண்டும். இவை அனைத்திற்கும் ஆற்றல் எங்கிருந்து வரும்? எடுத்த வாயுவில் ஒரு பகுதியையே எரித்து, டர்பைன்களைச் சுழற்றி, மின்சாரம் ஆக்கிக் கொள்கின்றனர். அத்தகைய டர்பைனில் எரியும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே பயனுள்ள வேலையாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானுக்குப் போகிறது. நார்வே மேடைகளிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவில் மிகப் பெரும்பங்கு இந்த டர்பைன்களிலிருந்தே வருகிறது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

கடல் மேடை என்றதும் நம் கண்முன் தோன்றுவது கோபுரத்தின் உச்சியில் எரியும் தீச்சுடர் அன்றோ? எண்ணெயோடு வரும் வாயுவை விற்க வழியில்லாத இடங்களில் அதை அவ்வாறு எரித்து விடுவர். நார்வே அரசோ, பாதுகாப்புக்கு இன்றியமையாத அளவுக்கு மேல் அப்படி எரிக்கலாகாது என்று தொடக்கத்திலேயே விதித்தது. சுடர் அணைந்து போய், வாயு எரியாமலே கசிந்தால் கேடு இன்னும் பெரிது. அதிலுள்ள மீதேன், நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைத் தேக்குவது. ஆதலால் குழாய் மூட்டுகளிலும் அடைப்பான்களிலும் கசிவு உண்டா என்று, கண்ணுக்குத் தெரியாத வாயுவைக் காட்டும் சிறப்பு ஒளிப்படக் கருவிகொண்டு தேடுகின்றனர்.

இனி ஸ்லைப்னர் கதைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அவ்வயலில் கிடைக்கும் வாயுவில் நூற்றுக்கு ஒன்பது பங்கு வரை கரியமில வாயு கலந்திருந்தது. வாங்குவோரோ இரண்டரைப் பங்குக்கு மேல் ஏற்கமாட்டார். எனவே பிரித்தே ஆக வேண்டும். அமீன் என்னும் திரவத்தில் வாயுவைக் கலக்கச் செய்தால், அது கரியமில வாயுவை மட்டும் பற்றிக் கொள்ளும், சூடாக்கினால் விட்டுவிடும். சரி, பிரித்த பிறகு? காற்றில் விட்டுவிடுவதே அந்நாளைய வழக்கம். ஆனால் 1991-இல் நார்வே அரசு, கடலில் எண்ணெய் எடுப்போர் வெளியிடும் கரியமில வாயுவுக்கு வரி விதித்தது. காற்றில் விடுவது இனி இலவசமன்று. பொறியாளர் கணக்கைத் திருப்பிப் போட்டனர். கடலடித் தரைக்குக் கீழே 800 மீட்டருக்கும் அப்பால், உட்சிரா எனப்படும் மணற்பாறை அடுக்கு உப்பு நீர் நிறைந்து கிடந்தது. அதன்மேல், வாயு புகமுடியாத களிப்பாறை மூடிபோல் கவிந்திருந்தது. 1996 முதல் அந்த அடுக்கினுள் கரியமில வாயுவைச் செலுத்தலாயினர். தொடக்க ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன். உள்ளே போனது அங்கேயே இருக்கிறதா என்று, ஒலி அலைகளைக் கீழே அனுப்பி எதிரொலியைப் பதிவுசெய்து, அவ்வப்போது படம் பிடித்துப் பார்க்கின்றனர்.

புகையை அடக்குவது ஒரு வழி. புகையே எழாமற் செய்வது மற்றொன்று. நார்வே மலைநாடு, அதன் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி அருவி நீரால் ஆவது. அம்மின்சாரத்தைக் கடலடி வடம் வழியாக மேடைக்கு அனுப்பினால் அங்கே டர்பைன் எதற்கு? 472 மீட்டர் உயரமுள்ள ட்ரோல் ஏ மேடை 1996 முதல் இவ்வாறே இயங்குகிறது. 2019-இல் உற்பத்தி தொடங்கிய யோஹான் ஸ்வெர்ட்ரூப் வயலுக்குச் சுமார் 200 கிலோமீட்டர் நீள வடங்கள் போடப்பட்டன. நீண்ட கடலடி வடத்தில் மாறுமின்னோட்டம் பெரிதும் வீணாகும். ஆகவே நேர்மின்னோட்டமாக்கி அனுப்புகின்றனர். அங்கே ஒரு பீப்பாய் எண்ணெய் எடுப்பதற்கு வெளியாகும் கரியமில வாயு ஒரு கிலோவுக்கும் குறைவு; உலகச் சராசரியோ சுமார் 15 கிலோ.

இவ்விடத்தில் கணக்கு வாத்தியாராகிய நான் நின்று கொள்கிறேன். அந்தப் பீப்பாயை வாங்கியவர் அதை எரிக்கும்போது எவ்வளவு வெளியாகும் தெரியுமா? ஏறத்தாழ 400 கிலோ! எடுப்பதில் மிச்சப்படுத்திய 14 கிலோவைத் தம் ஏட்டில் சிவப்பு மையால் எழுதிக் கொள்பவர், பிறர் ஏட்டில் ஏறும் 400 கிலோவை எழுதாமல் விடுவது முழுக் கணக்காகாது. அதற்காக அந்த 14 கிலோ வெறும் வேடிக்கை என்று தள்ளவும் எனக்கு மனமில்லை. எண்ணெய் ஒரே நாளில் நின்றுவிடப் போவதில்லை. எடுக்கின்ற வரையிலாவது வீணாக்காமல் எடுப்பது தகும்.

நார்வே மக்களிடையேயும் இதுபற்றி வழக்கு உண்டு. வடகோடியில், ஸ்னோவிட் வயலின் வாயு வந்து சேரும் மெல்கோயா தீவு ஆலைக்குக் கரை மின்சாரம் தர 2023-இல் அரசு இசைந்தது. "எங்கள் மின்சாரத்தை ஆலைக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சும் வாயுவை வெளிநாட்டுக்கு விற்பீர்கள், அங்கே அது எரியத்தானே போகிறது?" என்று பலர் கேட்டனர். புதிய மின்கம்பிகளாலும் காற்றாலைகளாலும் தங்கள் மேய்ச்சல் நிலம் குறுகும் என்று கலைமான் வளர்க்கும் சாமி மக்கள் எதிர்த்தனர். அவர்கள் வாதத்தை நான் எளிதாகக் கருதவில்லை.

கரை மின்சாரத்தைக் கேட்காமலே சமாளிக்க முடியுமா என்றும் முயன்று பார்த்திருக்கிறார்கள். கரையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டரில், 260 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், மிதக்கும் காற்றாலைகள் பதினொன்றை நங்கூரமிட்டு நிறுத்தியுள்ளனர். ஹைவிண்ட் டாம்பன் என்பது அதன் பெயர். 2022 நவம்பரில் மின்சாரம் தரத் தொடங்கியது. மொத்தத் திறன் 88 மெகாவாட். ஸ்னோரே, குல்ஃபாக்ஸ் வயல்களின் ஐந்து மேடைகளுக்கு ஓராண்டில் வேண்டும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கை அது தரும் என்பது திட்டம். காற்று வீசும்போது டர்பைன்கள் ஓய்வு கொள்கின்றன. காற்று ஓய்ந்ததும் மீண்டும் புகைகின்றன.