டார்வினின் 15 ஜோடிச் செடிகள்

சார்லஸ் டார்வின் என்றதும் பரிணாமக் கொள்கைதான் நினைவுக்கு வரும். அவர் மக்காச்சோளமும் வளர்த்தார். தன் மகரந்தத்தாலேயே சூல்கொண்ட செடியின் விதை, வேறு செடியின் மகரந்தம் சேர்ந்து உண்டான விதை, இரண்டில் எது செழித்து வளரும் என்று பார்க்க ஆசைப்பட்டார். வகைக்கு 15 செடிகளை ஜோடி ஜோடியாகத் தொட்டிகளில் வளர்த்து, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு வரை உயரத்தை அளந்தார். 1876-ல் அது நூலாக வந்தது.

அயல் மகரந்தச் செடிகளின் சராசரி உயரம் 20 அங்குலத்துக்குச் சற்று மேல்; மற்றவை பதினேழரை. ஆனால் இரண்டு ஜோடிகளில் கதை தலைகீழ்: அவற்றில் ஒன்றில் அயல் மகரந்தச் செடி 12 அங்குலம்தான், பக்கத்துச் செடியோ 20-ஐத் தாண்டிவிட்டது. அப்படியானால் அந்த இரண்டரை அங்குல வித்தியாசத்தை நம்பலாமா? தற்செயலாகவும் வந்திருக்கலாமே?

1935-ல் ரொனால்ட் பிஷர் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் இதே அளவுகளை எடுத்துக்கொண்டார். மகரந்தத்தால் எந்த மாற்றமும் இல்லை என்று முதலில் வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு ஜோடியில் எது எந்த வகை என்ற பெயரை மாற்றி ஒட்டினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. ஜோடிக்கு இரண்டு வழி. 15 ஜோடிக்கு மொத்தம் 32,768 வழிகள். அவற்றில் டார்வினுக்குக் கிடைத்த அளவோ அதற்கு மேலோ வித்தியாசம் எத்தனை முறை வருகிறது? அயல் வகைக்குச் சாதகமாக 863 முறை. எதிர்ப்பக்கமும் சேர்த்தால் 1,726. நூற்றுக்கு ஐந்தேகால் அளவு. கணினி இல்லாத காலத்தில் செய்த கணக்கு இது! எனக்கு இதில் மிகவும் பிடித்தது, உயரங்கள் மணி வடிவில் பரவியிருக்கின்றன என்ற அனுமானம் எதுவும் இதற்குத் தேவையில்லை என்பதுதான். கையில் உள்ள அளவுகளே போதும். இதற்கு வரிசைமாற்றுச் சோதனை என்று பெயர்.

ஜோடி சேர்க்காத இரண்டு குழுக்கள் என்றால், எல்லா அளவுகளையும் ஒன்றாகக் கலந்து மறுபடி இரண்டாகப் பிரிக்க வேண்டும். 30 அளவுகளைப் பதினைந்து பதினைந்தாகப் பிரிக்க 15 கோடிக்கும் மேற்பட்ட வழிகள் உண்டு. அத்தனையையும் எண்ண வேண்டியதில்லை. கணினியைப் பத்தாயிரம் முறை கலைத்துப் பிரிக்கச் சொன்னால், நம் வித்தியாசத்தை எட்டுவது எத்தனை முறை என்பது நல்ல மதிப்பீடாகக் கிடைத்துவிடும்.

அந்த ஐந்தேகால் சதவீதத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மகரந்தத்தால் பலன் இல்லை என்பதற்கான வாய்ப்பு அல்ல அது. பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தோன்றக்கூடிய வாய்ப்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வோர் ஏராளம்.

டார்வினிடம் பிஷர் கண்ட குறை ஒன்றே. எந்தச் செடி எந்த இடத்தில் என்பதை அவர் குலுக்கல் முறையில் முடிவு செய்யவில்லை. பெயரை மாற்றி ஒட்டலாம் என்ற வாதத்துக்கு உறுதியான ஆதாரமே அந்தக் குலுக்கல்தான். ஆகவே நேயர்களே, புது உரத்தால் சராசரி விளைச்சல் கூடியது, புது மருந்தால் சராசரிக் காய்ச்சல் நாட்கள் குறைந்தன என்று யாராவது சொன்னால், யாருக்கு எது என்று குலுக்கிப் போட்டுத்தான் கொடுத்தார்களா என்று முதலில் கேளுங்கள்.