சிறுகுறிஞ்சானும் சர்க்கரை நோயும்

ஊராட்சி மன்ற அங்கத்தினர்களே! உழவர் பெருமக்களே!

அழகர்மலைச் சாரலிலும் சிறுமலை அடிவாரத்திலும் புதர்களின்மேல் படர்ந்து கிடக்கும் ஒரு கொடியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம். சிறுகுறிஞ்சான் என்பது அதன் பெயர். அதன் இலை இரண்டை மென்றபின் ஒரு சிட்டிகை சர்க்கரையை நாவில் இட்டால் மணலை இட்டது போலவே இருக்கும், இனிப்புத் தெரியாது. ஆகவேதான் அதற்குச் சர்க்கரைக்கொல்லி என்றும் பெயர் வழங்குகிறது.

நீரிழிவு ஒரு காலத்தில் பட்டணத்துச் செல்வர்களின் நோயாகக் கருதப்பட்டது. இன்றோ நிலைமை வேறு. 1895-இல் பெரியாற்று நீர் மேலூர்ப் பக்கம் பாய்ந்தது, நஞ்சை பெருகியது, வரகும் கம்பும் இருந்த இடத்தில் நாளடைவில் மூன்று வேளையும் அரிசிச்சோறு வந்தது. ஏர் பிடித்து நடந்த கால்கள் இப்பொழுது டிராக்டரின்மேல் அமர்ந்திருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான கணக்கின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 100-க்கு 14 பேருக்கு மேல் இந்நோய் உண்டு.

இந்நிலையில், கொடியின் இலையை மென்றால் போதும், மாத்திரை வேண்டாம் என்று சொல்வோர் ஊருக்கு ஒருவராவது இருக்கின்றனர். இதை நாம் நன்கு ஆராய்தல் வேண்டும்.

நாவில் இனிப்பு மறைவது வேறு. இரத்தத்தில் சர்க்கரை குறைவது வேறு. 1887-இல் உதகமண்டலத்தில் ஹூப்பர் என்னும் இரசாயன நிபுணர் இவ்விலையிலிருந்து ஜிம்னீமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். நாவின் சுவை நரம்பு முனைகளில் அது இனிப்பை உணரவொட்டாமல் தடுக்கிறது. சிறிது நேரத்தில் சுவை திரும்பிவிடும். இதைக் கொண்டு இரத்தத்தின் நிலையை அறிய முடியாது.

எனினும், கொடியில் குணமே இல்லையென்று தள்ளிவிடவும் கூடாது. சென்னைப் பல்கலைக்கழக அறிஞர்கள் 1990-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், மாத்திரை உண்டு வந்த 22 நோயாளிகளுக்கு, அம்மாத்திரையுடன் இவ்விலையின் சாரத்தை நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் கொடுத்தனர். சர்க்கரை குறைந்தது, ஐவர் மாத்திரையை நிறுத்தவும் முடிந்தது. ஏனைய 17 பேருக்கு மாத்திரை தேவையாகவே இருந்தது என்பதையும் மறத்தலாகாது. அங்கே கொடுத்தது அளவிட்ட சாரம். வேலியில் பறித்த இலையில் எவ்வளவு சத்து உண்டென்று யார் அளந்தார்? மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப அது மாறும்.

மேல்நாட்டிலும் இப்படியே நடந்தது. ஐரோப்பாவில் நீரிழிவுக்குக் கொடுத்து வந்த கலேகா என்னும் செடியில் நஞ்சும் கலந்திருந்தது. அச்செடியின் சத்தையொத்த பொருள்களை ஆராய்ந்தே, 1957-இல் ஸ்டெர்ன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் மெட்ஃபார்மின் மருந்தை நோயாளிகளுக்குப் பயன்படுத்திக் காட்டினார். இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரை அதுவே. செடியை நம்பியவனும் மாத்திரையை நம்பியவனும் பகைவரல்லர்.

மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் சர்க்கரை சத்தமின்றி ஏறும். வரப்பில் வெறுங்காலுடன் நடப்பவருக்கு முள் தைத்ததும் தெரியாது, புண் ஆறாது, காலையே இழக்க நேரிடும். இன்சுலின் போடுவோர் அதை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மாத்திரையுடன் இலையையும் மிகுதியாக உண்டாலோ, சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து நடுக்கமும் வியர்வையும் மயக்கமும் உண்டாகலாம்.

ஆகவே, அங்கத்தினர்கள் செய்ய வேண்டியவை மூன்று. கிராம சபை கூடும் நாட்களில் சுகாதார ஊழியரை அழைத்து, முப்பது வயது கடந்த அனைவருக்கும் இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். சிறுகுறிஞ்சான், ஆவாரம்பூ, வெந்தயம், நாவற்கொட்டை எதை உண்போரும் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லும்படி எடுத்துரைக்க வேண்டும். சித்த மருத்துவர் அருகிலிருந்தால் அவரிடமும் கலந்துகொள்ளலாம். மூன்றாவதாக, சந்தையில் பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கும் சூரணத்தை வாங்காதிருக்கச் செய்ய வேண்டும்.

வயலின் ஈரத்தை நாம் கண்ணால் மட்டும் பார்த்து மதிப்பதில்லை; மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்துப் பார்க்கிறோம். உடலுக்கும் அதுவே முறை. நாவைக் கேளாதீர்கள், இரத்தத்தைச் சோதித்துக் கேளுங்கள்.