நம் ஜீப்பை மேடையில் ஏற்றிவிடாதீர்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் முதல் நாள் மாலை ஆற்றிய உரை. மலர்க்குழுவின் விருப்பத்திற்கிணங்க எழுத்து வடிவில்.)



எனக்குப் பத்து நிமிடம் என்றார்கள். மெக்கானிகல் படித்தவனிடம் ஜீப்பைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் என்பது கொஞ்சம் அநியாயம்தான். இருந்தாலும் நேரடியாக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நாளைய பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. நம் கல்லூரியின் பழைய ஜீப்பை முகப்பு வாசலில் சிமெண்ட் மேடை கட்டி, சுற்றிலும் சங்கிலி போட்டு, கல்வெட்டோடு நிறுத்த வேண்டும் என்று. கொண்டுவருபவர்கள் நல்ல மனசோடுதான் கொண்டுவருகிறார்கள். ஆனாலும் நான் அதை எதிர்த்துப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் இளைய தலைமுறைக்காகக் கொஞ்சம் பழங்கதை. இந்த வண்டி 1966 மாடல் மஹிந்திரா ஜீப். அமெரிக்காவில் வில்லீஸ் கம்பெனி 1953இல் கொண்டுவந்த சிஜே-3பி என்ற வடிவம். நாலு சக்கரமும் இழுக்கும். பானெட் மட்டும் மற்ற ஜீப்புகளை விட உயரமாக, பெட்டி மாதிரி நிற்கும். அது அழகுக்கு வைத்ததல்ல. உள்ளே இருக்கிற எஞ்சின் உயரமானது, அது பழைய பானெட்டுக்குள் அடங்கவில்லை, அவ்வளவுதான். சிவில் துறையின் சர்வே முகாம்களுக்காக வாங்கியது. தியோடலைட் பெட்டிகளையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனது. எங்கள் காலத்தில் அதில் ஏறுவதற்கென்றே சிவில் பிரிவு கேட்ட பையன்கள் உண்டு. 1989வாக்கில் ஓட்டம் நின்று, பட்டறைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒதுங்கிவிட்டது.

2012இல் அதைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடப் போவதாகக் காதில் விழுந்தது. எங்கள் செட்டில் ஏழு பேர் வந்து பார்த்தோம். சீட்டெல்லாம் எலி தின்றுவிட்டது. ரேடியேட்டருக்குள் குளவிக்கூடு. தரைத் தகட்டில் கைவிடும் அளவு ஓட்டை. நிர்வாகத்திடம் பேசினோம். "செலவு உங்களுடையது, வேலை செய்ய மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், வண்டி கல்லூரிக்குத்தான்" என்றார்கள். அதைவிட நல்ல ஏற்பாட்டை நாங்களே கேட்டிருக்க மாட்டோம்.

ஆரம்பத்திலேயே எங்களுக்குள் ஒரு சண்டை. பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிவிட்டு டீசல் எஞ்சின் போட்டுவிடலாம் என்று நாலு பேர். நியாயமான பேச்சுதான். நாட்டில் பாதி ஜீப்புகள் அப்படி மாறியவைதான். இது லிட்டருக்கு எட்டு ஒன்பது கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிய விஷயம். அப்போதுதான் ஓய்வுபெற்ற எங்கள் பட்டறை ஃபோர்மேன் ஐயாவைக் கூட்டிக்கொண்டு வந்தோம். பெயரைச் சொன்னால் கோபிப்பார். அதோ முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, "இருதயத்த மாத்திட்டு ஆளு அதே ஆளுதான்னு சொல்லாதீங்கடா. அப்புறம் என்னய எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றார். அத்தோடு டீசல் பேச்சு முடிந்தது.

அந்த எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை. சுமார் 2200 சிசி, நாலு சிலிண்டர். காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வால்வு மேலே ஹெட்டில் இருக்கும். புகை வெளியேறும் வால்வு கீழே பிளாக்கில் இருக்கும். எஃப்-ஹெட் என்று புத்தகத்தில் ஒரு படமாகப் பார்த்திருப்பீர்கள். பரீட்சைக்கு வராது என்று பக்கத்தைத் திருப்பியும் இருப்பீர்கள். 23 வருடம் நின்றதில் பிஸ்டன்கள் இறுகிப் போயிருந்தன. பிளக்கைக் கழற்றி, மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டு, "பத்து நாளைக்கு யாரும் கிட்ட வராதீங்க" என்றார் ஃபோர்மேன் ஐயா. பையன்களுக்குப் பொறுக்கவில்லை, தினமும் வந்து ஹேண்டிலைத் தொட்டுப் பார்த்தார்கள். பதினோராம் நாள் அவர் முன்பக்கம் ஹேண்டிலை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். அரைச் சுற்று வந்தது. பட்டறையே கைதட்டியது.

பிரித்து மேயும்போதுதான் பாடம் கிடைக்கும். இடதுபக்கச் சக்கரத்தைக் கழற்ற இரண்டு பேர் நீளக் குழாயை மாட்டித் தொங்கினார்கள். நட்டு அசையவில்லை, கடைசியில் போல்ட்டே முறிந்தது. இந்த வண்டியில் இடதுபக்க நட்டுகளுக்கு இடமரை. ஓடும்போது தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று அப்படிச் செய்தார்கள். சொல்லியிருந்தால் மறந்திருப்பார்கள். முறிந்ததால் மறக்க மாட்டார்கள். பின்பக்க டிஃபரன்ஷியலைத் திறந்து பல்லை எண்ணச் சொன்னோம். கிரவுனில் 43, பினியனில் 8. வகுத்தால் 5.38. முதல் கியர் 2.8, பக்கத்துச் சின்ன லீவரில் 'லோ' போட்டால் இன்னும் 2.46. மூன்றையும் பெருக்குங்கள். எஞ்சின் ஏறக்குறைய 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரே ஒரு சுற்று. ஒரு பையன் கால்குலேட்டரைப் பார்த்துவிட்டு, "சார், இது மரத்தையே புடுங்கும் போலிருக்கே!" என்றான். கியர் விகிதம் என்றால் என்ன என்று அவனுக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரேக்கில் மட்டும் நாங்கள் சிக்கனமே பார்க்கவில்லை. இதில் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே லைன். எங்கோ ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. ஆகவே ஹோஸ், வீல் சிலிண்டர், குழாய் எல்லாம் புதுசு. டிங்கரிங், பெயிண்டிங் கதையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். காகிதங்களை உயிர்ப்பிக்க ஓர் அலுவலகத்துக்கு எட்டு மாதம் நடந்ததையும் விட்டுவிடுகிறேன். எஞ்சினை உயிர்ப்பிக்க அவ்வளவு நாள் ஆகவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

2014 பிப்ரவரியில் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டோம். ஜீப்பில் நாங்கள் இரண்டு பேர், ஃபோர்மேன் ஐயா, மூன்று மாணவர்கள். மற்றவர்கள் பின்னால் ஒரு வேனில். மதுரையைத் தாண்டி மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் வழி. மணிக்கு அறுபதுக்கு மேல் போனால் வண்டி பேச ஆரம்பிக்கும், நாம் பேச முடியாது. ஆகவே ஐம்பது, ஐம்பத்தைந்திலேயே போனோம். லாரிக்காரர்கள் கூட முந்திப்போகும்போது சிரித்தார்கள். பரவாயில்லை.

பரமக்குடியைத் தாண்டியதும் உச்சி வெயிலில் இரண்டு தும்மல் தும்மிவிட்டு நின்றது. பையன்கள் உடனே டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றப் போனார்கள். எதிர் டீக்கடையிலிருந்து ஒரு வயசான வேன் டிரைவர் எழுந்து வந்தார். "என்னண்ணே, பம்பு சூடாயிருச்சா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தோள் துண்டைக் குடத்துத் தண்ணியில் நனைத்து, பெட்ரோல் பம்ப்பின் மேல் சுற்றினார். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. எஞ்சின் சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் ஆவியை இழுக்கத் தெரியாமல் விழிக்கும். ஆங்கிலத்தில் அதற்கு வேப்பர் லாக் என்று பெயர், புத்தகத்தில் அரைப் பக்கம் இருக்கிறது. அவரிடம் அது ஒரு துண்டில் இருந்தது. துண்டைத் திருப்பிக் கொடுத்தபோது, "இருக்கட்டும்ணே, போற வழியில மறுபடி வேணும்" என்றார். சொன்னபடியே உச்சிப்புளிக்குப் பக்கத்தில் மறுபடி தேவைப்பட்டது.

பாம்பன் வந்தது. 1988இல் திறந்த சாலைப் பாலத்தில் நின்று கீழே ரயில் பாலத்தைப் பார்த்தோம். 1914இல் திறந்தது, நாங்கள் போன மாதத்தில்தான் அதற்கு நூறு வயது. கப்பல் வரும்போது ஆட்களே லீவரைச் சுற்றி நடுப்பகுதியைத் தூக்குவார்கள். 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் நின்று, 2025இல் பக்கத்திலேயே புதிய பாலம் வந்துவிட்டது.

இப்போது தனுஷ்கோடிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. காரிலேயே போய் இறங்கலாம். நாங்கள் போனபோது முகுந்தராயர் சத்திரத்தோடு நல்ல ரோடு முடிந்துவிடும். அப்புறம் மணல்தான். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஊரும் தண்டவாளமும் போன பிறகு, அந்த மணலில் யாத்திரிகர்களையும் மீனையும் சுமந்தது நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டிகள்தான். தகரமெல்லாம் உப்பில் உதிர்ந்துபோன வண்டிகள், ஆனால் ஒன்றும் நிற்காது. அந்த ஓட்டுநர்களில் ஒருவர் எங்கள் வண்டியின் பானெட்டைத் தட்டிப் பார்த்து, "பெட்ரோலா? ஒரிஜினலா? அப்ப எங்க பின்னாடியே வாங்க. தடத்த விட்டு எறங்காதீங்க. பிரேக்க மிதிக்காதீங்க" என்றார்.

டயர்களில் காற்றைப் பாதியாக இறக்கினோம். 28 பவுண்டிலிருந்து 14. டயர் அகலமாகப் பரந்து மணலின் மேல் மிதக்கும். அதுவரை பின்சக்கரத்தில் மட்டுமே ஓடிய வண்டிக்கு முன்சக்கரத்தையும் சேர்த்தோம். இதைத் தார் ரோட்டில் போடக்கூடாது. திரும்பும்போது முன்சக்கரம் பெரிய வட்டமும் பின்சக்கரம் சின்ன வட்டமும் போகும், இந்த வண்டியில் அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க நடுவில் ஒன்றும் கிடையாது. ரோட்டில் முறுக்கேறி லீவரே கழலாமல் மாட்டிக்கொள்ளும். மணலில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கைத் தானே விட்டுவிடும்.

ஸ்டியரிங்கை ஒரு மாணவனிடம் கொடுத்தோம். ஊரில் டிராக்டர் ஓட்டிய பையன். இடதுபக்கம் அமைதியாகப் பெண் கடல், வலதுபக்கம் இரைச்சலாக ஆண் கடல். நடுவில் லோ கியரில் எஞ்சின் முனகிக்கொண்டே போனது. ஓரிடத்தில் மெல்ல மணலில் இறங்கியது. எல்லோரும் கத்தினோம். ஃபோர்மேன் ஐயா மட்டும், "ஆக்சிலேட்டர ஏத்தாத. ரிவர்ஸ் போட்டு வந்த தடத்துலயே பத்தடி பின்னாடி எடு. இப்ப மறுபடி வா" என்றார். வந்தது. இடிந்த தேவாலயத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில் வண்டியை நிறுத்தினோம். கொஞ்ச நேரம் யாரும் இறங்கவில்லை. புயல் போன இரண்டாம் வருடம் பிறந்த வண்டி அது. திரும்பி வந்ததும் முதல் வேலையாக அடிப்பாகம் முழுவதையும் நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவினோம். உப்பு விட்டுவைக்காது.

சரி, தீர்மானத்துக்கு வருகிறேன். போன வருடம் நிறுவனர் நாள் ஊர்வலத்தில் ஜீப் நடுவில் நின்றுவிட்டது. விருந்தினர் முன்னால் தள்ளும்படி ஆகிவிட்டது. "இனி போதும், மேடையில் வைத்துக் கும்பிடுவோம்" என்ற எண்ணம் அன்றுதான் பிறந்தது. ஏன் நின்றது என்று கண்டுபிடித்தது யார் தெரியுமா? மூன்றாம் ஆண்டு மாணவிகள் இருவர். இப்போது பங்குகளில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய காலத்து ரப்பருக்கு அது ஆகாது. பம்ப்பின் டயாஃப்ரமும் இரண்டு குழாய்களும் ஊறிப் போயிருந்தன. எத்தனாலைத் தாங்கும் ரப்பரில் மாற்றினார்கள். நீர் கோத்திருந்த டாங்கையும் கழற்றி உலர்த்தினார்கள். அன்றிலிருந்து வண்டி ஓடுகிறது. வண்டி மேடையில் இருந்திருந்தால் அந்த இரண்டு பேருக்கும் அந்த வேலை கிடைத்திருக்காது.

நிறுத்தி வைத்தால் வண்டி பத்திரமாக இருக்கும் என்பது தப்புக் கணக்கு. வேப்பமரத்தடியில் 23 வருடம் பத்திரமாகத்தானே இருந்தது? ஓடாத வண்டியில் ஆயில் சீல் காய்ந்து வெடிக்கும், வீல் சிலிண்டர் துருவேறி இறுகும், கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகும். வெயிலிலும் மழையிலும் சிமெண்ட் மேடையில் ஐந்து வருடம் நின்றால் மறுபடி 2012க்கே போய்விடுவோம். அப்போது ஃபோர்மேன் ஐயாவுக்கு வயது எண்பத்தெட்டு ஆகும். ஐயா, நீங்கள் வருவீர்கள், தெரியும். ஆனால் அது வரை உங்கள் கை வேலையைக் கற்றுக்கொண்டவர்கள் பத்துப் பேராவது இருக்க வேண்டும் அல்லவா?

சட்டமும் நமக்கு ஒத்தாசையாக இருக்கிறது. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வயது கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். பழைய நம்பரும் போகாது. தினசரி உபயோகத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக்கூடாது, நமக்கு அதெல்லாம் வேண்டியதுமில்லை. அன்றைக்கு டீசல் எஞ்சின் ஏற்றியிருந்தால் இந்தக் கதவும் சாத்தியிருக்கும். டீசல் கட்சி நண்பர்கள் நாலு பேரும் இங்கேதான் இருக்கிறார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆகவே என் மாற்றுத் தீர்மானம் இதுதான். மேடைக்கு ஒதுக்கும் பணத்தில் பட்டறையை ஒட்டித் தகரக் கூரையும் சர்வீஸ் குழியும் போடுவோம். ஒவ்வோர் ஆண்டும் இறுதியாண்டு மாணவர்கள் நாலு பேரிடம் வண்டியை ஒப்படைப்போம். மாதம் ஒருமுறை இருபது கிலோமீட்டராவது ஓட்டி, என்ன செய்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி அடுத்த செட்டிடம் கொடுக்கட்டும். வருடம் ஒரு நீண்ட பயணம். செலவில் பாதியை எங்கள் செட் ஏற்கும். எழுத்தில் தருகிறேன்.

நாளை காலை பொதுக்குழு பத்து மணிக்கு. ஆறரை மணிக்கு ஜீப்பைக் கிளப்புகிறோம். புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட்டுகளுக்குக் கிரீஸ் அடிக்க வேண்டும், ஸ்டியரிங்கில் லேசாக ஆட்டம் இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும். மேடை வேண்டும் என்கிற நண்பர்கள் கட்டாயம் வரவும். வெள்ளைச் சட்டை மட்டும் போட்டு வராதீர்கள்.