பெற்றோர் மதுவும் பிறவாக் குழந்தையும்



மது குடிப்பவனைக் கெடுக்கிறது; அவன் குடும்பத்தையும் கெடுக்கிறது. இதனை நம்மில் அறியாதார் இலர். ஆனால் இன்னும் பிறவாத, பெயரும் சூட்டப்பெறாத ஓர் உயிரையும் அது கெடுக்கவல்லது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வுயிரைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரச் சிறையின் மருத்துவராயிருந்தவர் வில்லியம் சல்லிவன். அவர் குடிக்கு அடிமைப்பட்ட 120 பெண்களின் வரலாற்றைத் திரட்டி, 1899-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அப்பெண்கள் பெற்ற 600 குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டவை இறந்தே பிறந்தன. அல்லது இரண்டு வயதுக்குள் மாண்டன. வறுமைதான் காரணமோ என்ற ஐயம் எழுமல்லவா? அதனால் அவர் அப்பெண்களின் உறவினருள் குடிப்பழக்கமில்லாத தாய்மாரையும் ஆராய்ந்தார். அவர்களுடைய குழந்தைகளிடையே சாவு அதிற் பாதியளவுகூட இல்லை.

இன்னுமொரு செய்தியையும் அவர் குறித்து வைத்தார். முன்னே பல குழந்தைகளை இழந்த தாய்மாருள் சிலர், கருவுற்ற தொடக்கத்திலேயே சிறைப்பட்டு, மதுவைக் காணாமல் மாதங்களைக் கழித்தனர். அவர்கள் நலமுள்ள குழந்தைகளைப் பெற்றனர். சிறைச்சோறு விருந்தன்று, ஆயினும் மதுவின்மையே அக்குழந்தைகளுக்குக் காவலாய் அமைந்தது.

இத்துணைத் தெளிவான உண்மை பின்னர் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. 1968-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் நாந்த் நகர மருத்துவர் பால் லெமுவான், குடிப்பழக்கமுள்ள பெற்றோரின் குழந்தைகள் 127 பேரைப் பற்றி எழுதினார். அப்போதும் உலகம் அதனைப் பெரிதாய்க் கருதவில்லை. 1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்து கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் என்னும் மருத்துவர்கள் ‘லான்செட்’ இதழில் எழுதிய பிறகே மருத்துவ உலகம் விழித்துக்கொண்டது. குறைந்த எடை, சிறுத்த தலை, குறுகிய கண்பிளவு, மெலிந்த மேலுதடு, மூளை வளர்ச்சியில் குறை ஆகியவை ஒருங்கே காணும் நிலைக்கு அவர்கள் ‘கருநிலை மதுப் பாதிப்பு’ என்னும் பொருள்படப் பெயரிட்டனர்.

இத்தீங்கு எவ்வாறு விளைகிறது? தாய் அருந்தும் மது அவள் இரத்தத்திற் கலந்து, நஞ்சுக்கொடியைக் கடந்து, குழந்தையின் இரத்தத்தை அடைகிறது. வளர்ந்தவரின் ஈரல் மதுவை மெல்ல மெல்லச் சிதைத்து அகற்றும். சிசுவின் ஈரலுக்கோ அவ்வலிமை இன்னும் வாய்க்கவில்லை. பனிக்குட நீரிலும் மது தங்குகிறது. சிசு அந்நீரையே மீண்டும் விழுங்குகிறது. தாயின் மயக்கம் தெளிந்த பின்னும் சேய் அந்நஞ்சில் கிடக்கும். ஒயினாயினும் பீராயினும் சாராயமாயினும் உள்ளிருப்பது ஒரே பொருள்தான்.

காலக் கணக்கையும் நீங்கள் அறிதல் வேண்டும். கரு உண்டாகி ஏறத்தாழ 28 நாட்களுக்குள், மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மூலமான நரம்புக்குழல் மூடிவிடுகிறது. அந்நாட்களில், தான் கருவுற்றிருப்பதையே அறியாத பெண்கள் பலர். அறிந்த பின் விடுவோம் என்பார்க்கு, அறியுமுன்பே முக்கியமான நாட்கள் கழிந்துபோகின்றன. எனினும் மூளை ஒன்பது திங்களும் வளர்வதாதலின், எந்நாளில் நிறுத்தினும் அந்நாள் முதல் நன்மையே.

பழி முழுவதையும் தாயின் தலையிற் சுமத்துவது அறமாகாது. தந்தையின் விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரைத் திங்கள் ஆகின்றன. அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தார் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வுகளில், கருவுறுதலுக்கு முன் ஆணெலி மட்டும் மது அருந்தினாலும் குட்டிகளின் முகவளர்ச்சி மாறுபடக் கண்டனர். மனிதரிடத்தில் இஃது இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை. ஆயினும், கணவன் குடித்துக்கொண்டே மனைவிக்கு உபதேசம் செய்யும் வீட்டில் மது எங்ஙனம் விலகும்?

ஆசிரியப் பணியில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் மற்றொன்றும் சொல்வேன். கருவில் மதுவால் தாக்குண்ட குழந்தைகளுட் பலருக்கு முகத்தில் எந்தக் குறியும் இராது. நேற்றுக் கற்ற வாய்பாடு இன்று நினைவில் நிற்காது. இரண்டு கட்டளைகளை ஒருங்கே சொன்னால் இரண்டாவது நழுவிவிடும். பொருள் மதிப்பும் கால மதிப்பும் எளிதிற் பிடிபடா. இத்தகைய பிள்ளையை நாம் சோம்பேறி என்கிறோம், அடங்காதவன் என்கிறோம். கண்ணில்லாதவனைப் படிக்கவில்லையே என்று அடிப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. குறையைக் காலத்தே கண்டறிந்து, அமைதியான வீட்டில் வைத்து, ஒரு வேளைக்கு ஒரு செயலாகப் பொறுமையோடு பழக்கினால் அப்பிள்ளை பெரிதும் முன்னேறுவான்.

இத்தீங்கு பரம்பரை நோயன்று. தலைமுறைதோறும் தொடர வேண்டிய விதியுமன்று. பிறந்தபின் இதனை முற்றும் மாற்ற மருந்தில்லை. பிறக்குமுன் முற்றும் தடுக்க வழியுண்டு. கருவுற்ற காலத்தில் இவ்வளவு மது தீங்கற்றது என்று வரையறுக்கப்பட்ட அளவு எதுவுமில்லை. ஆதலின் ஒரு துளியும் வேண்டா என்பதே மருத்துவர் அறிவுரை.

குடியை விட இயலாமல் தவிக்கும் தாயை ஏசுவதால் பயனில்லை. ஏச்சுக்கு அஞ்சுபவள் மருத்துவரிடம் உண்மையை மறைப்பாள், அவ்விழப்பு குழந்தையினுடையதே. அவளைக் கைபிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே உறவினர் கடமை.

இளைஞர்களே! நாளை நீங்கள் தாயும் தந்தையும் ஆவீர்கள். உங்கள் குழந்தைக்கு வீடும் நிலமும் தேடித் தருவது உங்களால் இயலாமற் போகலாம். தெளிந்த மூளையோடு அது பிறக்க இடங்கொடுப்பது பெரும்பாலும் உங்கள் கையில் உள்ளது. அந்தக் கையில் மதுக்கிண்ணம் இராதிருக்கட்டும்.