நாவின் வேட்கையும் உடற்பருமனும்

(தேவனூர் நாட்டில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



உடற்பருமனைக் குறைக்க முயல்வோர் நாவின் வேட்கையை எவ்வாறு ஆளுதல் வேண்டும் என்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். யான் மருத்துவன் அல்லேன். தமிழ்ப் பாடம் சொல்பவன். ஆயினும் இப்பொருளில் பலமுறை தோற்றுச் சிறிது கற்றவன். அத்தகுதி ஒன்றையே பற்றி இங்கு நிற்கின்றேன்.

முதற்கண், பசி வேறு, வேட்கை வேறு என்பதை உணர்தல் வேண்டும். பசி வயிற்றில் தோன்றும்; மெல்ல வளரும்; சாமைச் சோறாயினும் கேழ்வரகுக் களியாயினும் கிடைத்தது கொண்டு அமையும். வேட்கையோ நினைவில் தோன்றும்; திடீரென எழும்; இன்னதே வேண்டும் என்று ஒன்றையே சுட்டி நிற்கும். வயிறார உண்டு கை கழுவிய ஈரம் உலருமுன் இனிப்பைத் தேடுவது பசியன்று. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் காயசண்டிகை, முனிவர் ஒருவர் இட்ட சாபத்தால் யானைத்தீ என்னும் நோயுற்றுப் பன்னீராண்டு எவ்வளவு உண்டும் அடங்காது வருந்தினாள். அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட ஒரு பிடி அன்னத்தால் அந்நோய் தீர்ந்தது. உணவின் அளவைப் பெருக்குவதால் அடங்காத ஒன்றும் உண்டு என்பதே அக்கதையினின்றும் யான் கொள்ளும் பொருள்.

என் வரலாற்றைச் சிறிது கூறப் பொறுத்தருள்க. ஈராண்டுக்கு முன் என் எடை 84 கிலோ. உயரம் 165 சென்டிமீட்டர். இடுப்பின் சுற்றளவு 102 சென்டிமீட்டர். நம் நாட்டு ஆடவர்க்கு 90, மகளிர்க்கு 80 என்பதே மருத்துவர் வகுத்த எல்லை. என் தமையனார் நீரிழிவினால் வலக்கால் விரல்கள் இரண்டை இழந்தவர். என் குருதியைச் சோதித்த மருத்துவ அம்மையார், "ஐயா, உங்கள் அண்ணன் போன வழியில் நீங்கள் பாதித் தொலைவு வந்துவிட்டீர்கள், இன்னும் திரும்பலாம்" என்றார்கள்.

அன்றே சூளுரைத்தேன். காலை உணவையும் இரவு உணவையும் ஒழித்தேன். மூன்று நாள் வென்றேன். நான்காம் நாள் மாலை சோளக்காட்டில் பேருந்துக்குக் காத்து நின்றபோது, எண்ணெயில் போண்டா வேகும் மணம் வந்தது. ஆறு போண்டாவும், சர்க்கரை மிகுந்த தேநீர் இரண்டும் உள்ளே சென்றன. வீடு புகுந்து ஒன்றும் உண்ணாதவன் போல அமர்ந்தேன். இல்லாள் இரங்கிச் சோறிட்டாள், அதனையும் உண்டேன். உண்ட உணவைக் காட்டிலும் அப்பொய் என்னை மிகவும் வருத்திற்று.

இஃது என் ஒருவனது மனவலியின்மை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். பின்னர்ப் படித்தறிந்த செய்தி வேறு. 1944, 1945-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர், நல்லுடல் படைத்த 36 இளைஞர்களை அவர்தம் இசைவோடு ஆறு திங்கள் அரைவயிற்று உணவில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் உடல் மெலிந்ததோடு நில்லாது, உள்ளமும் உணவொன்றையே சுற்றலாயிற்று. சமையல் நூல்களைத் தேடிப் படித்தனர். உணவையே கனவு கண்டனர். சோதனை முடிந்து நிரம்ப உண்டபோதும் சிலர்க்கு நெடுநாள் நிறைவு தோன்றவில்லை. மனவலிமை மிக்க இளைஞர்க்கே இந்நிலையெனின், பட்டினியால் வேட்கையை அடக்குவேன் என்பது நெய் வார்த்துத் தீயை அவிக்கப் புகுவதையே ஒக்கும்.

வேட்கையைத் தூண்டுவன வேறு இரண்டும் உள. ஒன்று, உறக்கக் குறைவு. உடம்பில் பசியைக் கிளர்த்தும் கிரெலின் என்னும் சுரப்புநீர் 1999-இலும், நிறைவைத் தெரிவிக்கும் லெப்டின் என்பது 1994-இலும் கண்டறியப்பட்டன. சிகாகோ பல்கலைக்கழகத்தார் 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 12 இளைஞர் இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே படுக்கையில் கழித்தபோது, முன்னது ஏறிப் பின்னது இறங்கிற்று. இனிப்பிலும் உப்புப் பண்டங்களிலும் விருப்பம் மிகுந்தது. நள்ளிரவு வரை கைப்பேசியை நோக்கிக் கிடக்கும் நம் பிள்ளைகள் இதனை எண்ணுதல் நன்று.

மற்றொன்று, ஆலைகளில் செய்து பொட்டலத்தில் அடைத்த தின்பண்டம். அமெரிக்காவில் கெவின் ஹால் என்பார் 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 20 பேர்க்கு இரு வாரம் ஆலைப் பண்டங்களும் இரு வாரம் எளிய உணவும் வேண்டுமளவு இடப்பட்டன. இருவகை உணவிலும் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் ஆகியன ஒத்த அளவில் வைக்கப்பட்டிருந்தும், ஆலைப் பண்டங்கள் இட்ட நாட்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி மிகுதியாக உண்டனர், எடையும் கூடினர். ஆகவே பிழை உண்பவனிடத்து மட்டும் இல்லை, பண்டத்திலும் உண்டு.

இனி நம் மலையை நோக்குவோம். நம் பாட்டனார் காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் வயலிலிருந்தே வந்தன. அவற்றை உரலிற் குத்தி உமி நீக்கிய தாய்மார்களின் தோள்வலி இன்றும் நினைவில் உள்ளது. பின்னர்ச் சவ்வரிசி ஆலைகளுக்கு விற்கும் மரவள்ளி பரவிற்று. அது நம்மிற் பலர்க்குக் கூரையிட்டது; பிள்ளைகளைப் படிக்க வைத்தது; அதனை யான் பழியேன். ஆயினும் வயலில் சாமை குறைய, அடுப்பிலும் குறைந்தது, கடையரிசி வந்தது, அதனைத் தொடர்ந்து கடைப் பொட்டலமும் வந்தது. பலாவும் வாழையும் கொய்யாவும் விளையும் இம்மலையில், பள்ளி விட்டவுடன் குழந்தைகள் ஐந்து ரூபாய் வறுவல் பொட்டலத்திற்கு ஓடுவதை யான் நாள்தோறும் காண்கின்றேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளிவந்த பேராராய்ச்சி, நம் நாட்டில் நீரிழிவாளர் 10.1 கோடி என்று கணக்கிட்டது. மலைக்காற்று அந்நோயைத் தடுக்கும் என்று எவரும் ஏமாறற்க.

எனின், செய்யத்தக்கது யாது? யான் கைக்கொண்டு பயன் கண்டவற்றைக் கூறுவேன்.

முதலாவது, வேளை தவறாது உண்க. காலையில் பயறோ கடலையோ முட்டையோ சேர்த்து உண்டவனுக்கு மாலை வேட்கை குறையும். சாமையில் நார் உண்டு. ஆயினும் சாமைச் சோற்றையே மலைபோற் குவித்து உண்டால் அதுவும் கொழுப்பாகும். சோறு ஒரு பங்கு, காய் இரு பங்கு, பருப்பு ஒரு பங்கு என்பது என் தட்டின் கணக்கு. குத்தும் உழைப்பிற்கு அஞ்ச வேண்டுவதில்லை. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இம்மலையில் சிறுதானியம் உமி நீக்கும் பொறிகளைக் கொணர்ந்து வழிகாட்டினர்.

இரண்டாவது, வேட்கை வரும் நேரத்தையும் இடத்தையும் குறித்து வைக்க. என் வேட்கை ஐந்து மணிக்கு, அப்போண்டாக் கடை முன் வரும் என்று கண்டேன். பள்ளியிலேயே வறுத்த கடலை ஒரு பிடியுண்டு நீர் அருந்திப் புறப்படுகின்றேன்; கடைக்கு எதிர்ப்புறத்தில் நிற்கின்றேன். கொல்லிப்பாவை நகை காட்டி வருத்தும் என்பது பழஞ்செய்தி. அதனெதிரில் நின்று வலிமை பேசுவதினும் விலகி நடத்தலே அறிவு. வீட்டில் வாங்கி வைத்துவிட்டு "உண்ணேன்" என்பதும் அதுபோன்றதே.

மூன்றாவது, வேட்கை அலை போன்றது. எழுந்த அலை பெரும்பாலும் கால் மணி முதல் அரை மணிக்குள் தானே தணியும். அதனோடு மல்லுக்கு நில்லாமல், "வந்திருக்கின்றாய், போவாய்" என்று பார்த்திருக்க. அவ்வமயம் சிறிது நடந்தால் இன்னும் நன்று. பதினைந்து நிமிட நடை சாக்கலேட்டு வேட்கையைத் தணித்ததென இங்கிலாந்தின் எக்சிடர் பல்கலைக்கழகத்தார் கண்டுள்ளனர். ஏற்றமும் இறக்கமுமான நம் ஊர்ப்பாதையில் நடைக்கு இடம் தேட வேண்டுமா?

நான்காவது, அடியோடு விலக்கற்க. ஆடி 17, 18-இல் வல்வில் ஓரி விழாவுக்கு உறவினர் கூடும்போது பணியாரத்தை மறுப்பது அன்புக்கு அழகன்று. அமர்ந்து, சுவைத்து, அளவோடு உண்க; பொட்டலம் கட்டி வீட்டிற்குக் கொண்டு வரற்க. தாய்மார்களே, உண்டவன் போதும் என்றபின் மேலும் ஒரு கரண்டி இடுவதே அன்பு என்று எண்ணாதீர்கள். தடித்த குழந்தையை நகைத்துப் பேசவும் வேண்டா. நாணமுற்ற குழந்தை ஒளிந்து உண்ணும். நாற்பது கடந்த யானே ஒளித்தேன் அன்றோ?

எச்சரிக்கை இரண்டு. நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ கொள்வோர் மருத்துவரைக் கேளாது உணவைக் குறைத்தல் ஆகாது. குருதிச் சர்க்கரை தாழ்ந்து மயங்க நேரும். பச்சரிசி, மண், சாம்பல் இவற்றை மெல்லும் ஆசை மகளிர்க்கோ குழந்தைகட்கோ எழுமாயின், அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் குறி. வையாது, சோதனைக்கு அழைத்துச் செல்க.

பதினெட்டுத் திங்களில் என் எடை 76 கிலோவாயிற்று. இடுப்பு 94, இன்னும் எல்லைக்குள் வந்தேனில்லை. சென்ற திங்கள் திருமண வீடொன்றில் மூன்று லட்டு உண்டேன். முன்போல் மறுநாள் பட்டினி கிடக்கவில்லை. வழக்கமான காலையுணவையே உண்டேன். இல்லாளிடம் மறைக்கவும் இல்லை. "மூன்றுதானா?" என்று கேட்டு அவள் நகைத்தாள், யானும் நகைத்தேன்.